நிலைவாசலிலிருந்து தொடங்குங்கள்: புது வீட்டில் யூத மரபை மீட்டெடுக்க ஒரு வழிகாட்டி

தாணேயில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று லாரியிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளில் ஒன்றின் மேல் என் மகள் ‘ஆஜி’ என்று மட்டும் எழுதியிருந்தாள். என் பாட்டியின் பெட்டி அது. உள்ளே கறுத்துப்போன ஒரு வெள்ளிக் கிண்ணம், முதுகு பிய்ந்த மராத்தித் தொழுகைப் புத்தகம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள், விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய். குழாயின் இரு முனையிலும் ஆணி அடிக்கத் துளை இருந்தது. யூத வீட்டு நிலைக்காலில் மாட்டும் மெஸூஸா. இருபது வருடங்களாக அது எந்தக் கதவிலும் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

நாங்கள் பெனே இஸ்ரயேல். கொங்கணக் கடற்கரை யூதர்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அதனால் நான் வளர்ந்தது பெரம்பூரில், படித்தது தமிழில். ஆஜி இருந்தவரை வீட்டில் வெள்ளி மாலை விளக்கு எரிந்தது. அவர் போன பிறகு அப்பாவுக்கு மாற்றல், பிறகு எனக்குக் கல்யாணம், பிறகு வேலை, ஊர் ஊராக வாடகை வீடு. யாரும் விடவேண்டும் என்று நினைத்து எதையும் விடவில்லை. ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஒன்று பெட்டியிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி விட்டுப்போனவற்றை மீண்டும் கையில் எடுக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யூத வீட்டில் பிறந்து எதுவும் கற்காமல் வளர்ந்தவர்கள், யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வீட்டின் நடைமுறையைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் இருவரையும் மனதில் வைத்திருக்கிறேன். மதம் மாறுவது தனி விஷயம். அதை ரபி எனப்படும் யூத மதகுரு ஒருவரிடம்தான் பேசவேண்டும். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொண்டுவர முயல்வது. புத்தகம் வாங்கி, பாத்திரம் முழுவதையும் மாற்றி, சனிக்கிழமை முழுக்க இருட்டில் உட்கார்ந்து, மூன்றாவது வாரம் களைத்து விட்டுவிடுகிறார்கள். எங்கள் சமூகத்தின் கதையே இதற்கு மாற்று வழியைச் சொல்கிறது. அலிபாக் அருகே நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஆணும் ஏழு பெண்ணும் தப்பினார்கள், அவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்பது பரம்பரைப் பேச்சு. புத்தகமெல்லாம் கடலோடு போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் மிஞ்சியது கொஞ்சம்தான்: ‘ஷெமா இஸ்ரயேல்’ (‘இஸ்ரயேலே, கேள்’) என்ற ஒரு வரி, எட்டாம் நாள் விருத்தசேதனம், சனிக்கிழமை ஓய்வு, எந்த மீனைத் தின்னலாம் என்ற அறிவு. செக்காட்டிப் பிழைத்த அவர்களை ஊரார் ‘ஷனிவார் தேலி’, சனிக்கிழமை செக்கு ஆட்டாத வாணியர் என்றார்கள். அந்தக் கொஞ்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து வந்த யூத ஆசிரியர்களிடம் மற்றதையெல்லாம் மீண்டும் கற்றார்கள். ஆகவே கையில் எது மிஞ்சியிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றால் வாசலிலிருந்து தொடங்குங்கள்.

சாமான் இறக்கும் முன்

நாள் பார்ப்பவர்கள் செவ்வாய்க்கிழமை குடிபோவார்கள். தமிழ் வீடுகளில் ஒதுக்கப்படும் அந்தச் செவ்வாய் நமக்கு நல்ல நாள். படைப்பின் மூன்றாம் நாளில் ‘நன்று எனக் கண்டார்’ என்ற சொல் இரண்டு முறை வருவதுதான் காரணம். ரொட்டியும் உப்பும் முதலில் உள்ளே போகட்டும். பல ஊர் யூதர்களிடம் உள்ள வழக்கம் இது.

வீட்டுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ஒன்றைச் செய்ய இதுவே தருணம். எருசலேம் ஆலயம் இடிந்ததன் நினைவாக, நுழைந்ததும் எதிரே தெரியும் சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம், ஏறக்குறைய அரை மீட்டர் சதுரம், பூசாமல் விடுவது பழைய விதி. வண்ணம் அடிக்க வந்தவரிடம் இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு முறை தேவைப்பட்டது. இரண்டு முறையும் அவர் மறந்துபோய்த்தான் விட்டிருக்கிறோம் என்று அதன்மேல் தூரிகையை ஓட்டிவிட்டார். காகிதத்தை ஒட்டிவைத்து, ‘வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். சொந்த வீடாக இருந்தால்தான் இது. வாடகை வீட்டில் உங்கள் பொறுப்பல்ல.

வாசல்: மெஸூஸா

மாவிலைத் தோரணமும் நிலைவாசலில் மஞ்சளும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வாசல் வெறும் வழி அல்ல என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ‘உன் வீட்டு நிலைக்கால்களில் இவற்றை எழுது’ என்று யூத வேதமான தோரா சொல்கிறது. அதை அப்படியே செய்வதுதான் மெஸூஸா.

முதலில் ஒரு தெளிவு. கடையில் அழகாகத் தொங்கும் உறை மெஸூஸா அல்ல. உள்ளே இருக்கும் தோல் சுருள்தான் மெஸூஸா. கோஷரான, அதாவது யூத விதிப்படி உண்ணத் தகுந்த, விலங்கின் தோலில், பயிற்சிபெற்ற எழுத்தர் ஒருவர் இறகாலோ நாணல் பேனாவாலோ கையால் எழுதியிருக்கவேண்டும். அந்த எழுத்தரை சோஃபெர் என்பார்கள். தோராவின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 6ஆம், 11ஆம் அதிகாரங்களிலிருந்து இரண்டு பகுதிகள், 22 வரிகள், 713 எழுத்துகள். ஓர் எழுத்து விட்டுப்போனாலும், இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டாலும் சுருள் முழுவதும் செல்லாது. எழுத்துகள் வரிசைப்படியே எழுதப்பட வேண்டும் என்பதால் விட்டதைப் பிறகு இடையில் சேர்க்கவும் முடியாது. காகிதத்தில் அச்சடித்த சுருள் உறையோடு சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது, வாங்காதீர்கள். யூதர்கள் கூடித் தொழும் ஜெபஆலயத்தில் சொல்லிவைத்து, இஸ்ரேலிலிருந்து வருபவர் மூலமோ ரபி மூலமோ வரவழையுங்கள். உறைக்குச் செலவிடும் பணத்தைச் சுருளுக்குக் கொடுங்கள்.

ஆஜியின் பித்தளைக் குழாயை நான் அப்படியே மாட்டிவிட நினைத்தேன். நல்லவேளையாக, அப்போது ஊருக்கு வந்திருந்த ஒரு சோஃபெரிடம் காட்டினேன். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, குழாயைத் தட்டி, சுருளை மெல்லப் பிரித்தார். கொங்கண மழையில் எத்தனை ஆண்டு இருந்ததோ, தோல் அப்பளம்போல் விறைத்திருந்தது. பூதக்கண்ணாடியை என்னிடம் தந்து இரண்டாம் வரியைப் பார்க்கச் சொன்னார். ஓர் எழுத்தின் கால் உதிர்ந்து, கறுப்பு மை பொடியாகச் சுருளின் மடிப்பில் கிடந்தது. இனி அதை மாட்டக்கூடாது. ஆனால் குப்பையிலும் போடக்கூடாது. இறைவனின் பெயர் எழுதப்பட்டது. ஜெபஆலயங்களில் இத்தகைய பழம்பிரதிகளைச் சேர்த்து வைத்துப் பிறகு கல்லறைத் தோட்டத்தில் புதைப்பார்கள். அதற்கு கெனிஸா என்று பெயர். ஆஜியின் சுருளை அங்கே கொடுத்தேன். குழாய் மட்டும் இன்று எங்கள் வாசலில் புதுச் சுருளோடு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பழைய மெஸூஸா இருந்தால் முதலில் சோதிக்கக் கொடுங்கள். நன்றாக இருந்தாலும் ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை திறந்து பார்ப்பது விதி. மும்பையின் ஈரக் காற்றில் அதைத் தள்ளிப்போடாதீர்கள். சுருளை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி உறைக்குள் வையுங்கள்.

மாட்டும் முறை இது. வாடகை வீடானால் நம் நாட்டில் 30 நாள் அவகாசம் உண்டு. சொந்த வீடானால் குடியேறியவுடனே. உள்ளே நுழையும்போது உங்கள் வலக்கைப் பக்கத்து நிலைக்கால். உயரத்தை மூன்றாகப் பிரித்தால் மேல் மூன்றில் ஒரு பகுதியின் அடிப்பக்கம்: 7 அடி நிலையில் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி 8 அங்குலம். தோள் உயரம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். நிலையின் வெளி விளிம்பிலிருந்து ஒரு கைப்பிடி அகலத்துக்குள் இருக்கட்டும். சுருளைக் கடைசிச் சொல்லிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் சுருட்டவேண்டும், மடிக்கக்கூடாது. முதுகில் எழுதியிருக்கும் ‘ஷத்தாய்’ என்ற இறைவனின் பெயர் வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் உறையின் தலை உள்ளே சாய்ந்திருக்கும்படி மாட்டுவார்கள். ஸ்பெயின் யூதர்களின் மரபைப் பின்பற்றும் செபார்திகள் நேராக வைப்பார்கள். பெனே இஸ்ரயேலரின் தொழுகைமுறை செபார்தி என்பதால் எங்கள் வாசலில் நேராக நிற்கிறது.

மும்பைப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: மரக்கதவுக்கு முன்னால் இரும்புச் சட்டக் கதவு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் இரண்டு விரல்கூட இருக்காது. தடித்த உறை வாங்கிவந்தால் சட்டக் கதவு அதில் இடித்து நிற்கும். உறை வாங்கும் முன் கதவைச் சாத்திவைத்து அளவெடுங்கள். வீட்டுக்காரர் துளையிடக் கூடாது என்றாலோ நிலை கிரானைட் கல்லாக இருந்தாலோ, கெட்டியான இருபக்க ஒட்டுநாடா போதும். மேலும் கீழும் உறுதியாக ஒட்டியிருக்கவேண்டும் என்பதே தேவை.

மாட்டும் கணத்துக்கு முன் சொல்லும் ஆசி: “பாருக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம், அஷெர் கித்ஷானு பெமித்ஸ்வோதாவ் வெத்ஸிவானு லிக்போவா மெஸூஸா.” தம் கட்டளைகளால் எங்களைப் புனிதப்படுத்தி மெஸூஸாவைப் பதிக்கச் சொன்ன பிரபஞ்ச அரசர் போற்றப்படுக என்பது பொருள். பல கதவுகளுக்கு ஒரே நேரத்தில் மாட்டினால் வாசலில் ஒரு முறை சொன்னால் போதும். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் வேண்டாம். படுக்கையறை, கூடம் எல்லாவற்றுக்கும் வேண்டும். ஆனால் பணம் இடித்தால் முதலில் வாசலுக்கு ஒன்று வாங்குங்கள். மற்றவை மாதம் ஒன்றாக வரட்டும்.

வீட்டுக்குள் வரும்போதும் போகும்போதும் விரல் நுனியால் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். முதல் வாரம் நான் பாதி நாள் மறந்தேன். என் மகள் ஒரு நாளும் மறக்கவில்லை.

வெள்ளி மாலை

வாசலுக்கு அடுத்தது வெள்ளிக்கிழமை. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னதாக விளக்கேற்றவேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் மும்பையில் அஸ்தமனம் மாலை 7.20ஐ ஒட்டி, நவம்பர் கடைசியில் 6 மணியை ஒட்டி. குளிர்காலத்தில் அலுவலகத்திலிருந்து ரயில் பிடித்து வருவதற்குள் நேரம் கடந்துவிடும். முன்கூட்டியே மேலதிகாரியிடம் பேசி வெள்ளியன்று மட்டும் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்குங்கள். இந்த ஒரு ஏற்பாடு இல்லாமல் மற்ற எதுவும் நிலைக்காது. நேரம் தாண்டிவிட்டால் ஏற்றவேண்டாம். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வு நாளான ஷபாத் நுழைந்தபின் நெருப்பு மூட்டுவதே அதன் மீறல். விளக்கின்றி அமைதியாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுத்த வாரம் இருக்கிறது.

மெழுகுவத்தி போதும். ஆஜி ஏற்றியது எண்ணெய் விளக்கு: கண்ணாடிக் கிளாஸில் முக்கால் பங்கு தண்ணீர், மேலே இரண்டு விரல் தேங்காய் எண்ணெய், அதில் மிதக்கும் திரி. தண்ணீரின் மேல் எண்ணெய் தீர்ந்ததும் சுடர் தானே அணைந்துவிடும். பெட்டியிலிருந்த கிளாஸ்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அதையேதான் நானும் ஏற்றுகிறேன். டிசம்பர், ஜனவரிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் முதலில் பாட்டிலைச் சுடுநீரில் நிற்கவையுங்கள்.

ஷபாத்தை வரவேற்றுச் சொல்லும் ஆசியான கிதூஷுக்குத் திராட்சை ரசம் வேண்டும். கோஷர் ஒயின் எளிதில் கிடைக்காத கொங்கணத்தில் எங்கள் முன்னோர் கண்டுபிடித்த வழி இன்றும் நடக்கிறது. விதையில்லாத கறுப்பு உலர்திராட்சையை வியாழன் இரவே கழுவித் தண்ணீரில் ஊறவையுங்கள். மறுநாள் நன்றாக மசித்து, மெல்லிய துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்தால் சாறு இறங்கும் அளவுக்குச் சதைப்பற்றுள்ள திராட்சையாக இருக்கவேண்டும். தண்ணீரை அதிகமாக ஊற்றினால் அது ரசம் ஆகாது, வெறும் திராட்சைத் தண்ணீர். கையும் துணியும் ஊதாவாகும். அந்த மணம் வந்ததும் எனக்குப் பெரம்பூர் சமையலறை கண்முன் வந்து நின்றது.

ரொட்டி இரண்டு, வெட்டாமல் முழுதாக. பாலைவனத்தில் வெள்ளியன்று இரட்டிப்பாக விழுந்த மன்னா என்ற வான உணவின் நினைவு அது. பின்னல் போட்ட ஹல்லா ரொட்டி செய்யத் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம், இரண்டு முழுக் கோதுமைச் சப்பாத்தி போதும். அரிசிமாவில் தட்டும் பாக்ரிக்கு ரொட்டியின் ஆசி பொருந்தாது. கோதுமை, வாற்கோதுமை போன்ற ஐந்து தானியங்களுக்கு மட்டுமே அது. ரொட்டியை உப்பில் தொட்டு உண்ணுங்கள்.

ஷபாத் 25 மணி நேரம். முழுவதையும் முதல் வாரமே கடைப்பிடிக்கவேண்டும் என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள். நான் செய்தது வேறு: முதல் மாதம் வெள்ளி இரவுச் சாப்பாடு முடியும்வரை மட்டும் கைப்பேசிகளை அலமாரியில் பூட்டினோம். அது பழகிய பிறகு சனி காலை, பிறகு சனி முழுவதும். அப்படிப் படிப்படியாக வந்ததுதான் இன்றும் எங்கள் வீட்டில் நிற்கிறது. சனி இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஷபாத்தை வழியனுப்பும் ஹவ்தாலா: திராட்சை ரசம், மணக்கும் ஏதாவது ஒன்று, ஒன்றுக்கு மேற்பட்ட திரியுள்ள சுடர். மணத்துக்கு ஒரு சின்ன டப்பாவில் கிராம்பு போட்டுவையுங்கள். அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே போதும். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுப்படி

இது நீளமான வேலை, அவசரப்படாதீர்கள். புது வீட்டின் நன்மையே அடுப்படி இன்னும் காலியாக இருப்பதுதான்.

முதலில் வெளியேற்ற வேண்டியவை. பன்றி இறைச்சி தெரிந்ததே. நீரில் வாழ்வதில் துடுப்பும் செதிலும் இரண்டும் இருந்தால் மட்டுமே கோஷர்: வௌவால், வஞ்சிரம், காலா, ரோகு சரி. இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி கூடாது. இந்தச் செதில் விஷயத்துக்கு எங்களிடம் தனி மரியாதை உண்டு. தாவீது ரஹாபி என்ற வெளியூர் யூதர் முதன்முதலில் எங்களவர்களைக் கண்டபோது, யூதர்கள்தானா என்று அறிய மீன்கூடையை முன்னால் வைத்தாராம். பெண்கள் செதிலில்லாததைத் தயங்காமல் ஒதுக்கினார்களாம். மீன் சந்தையில் கூடைமுன் குனியும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள்.

அடுத்தது இறைச்சியும் பாலும். இரண்டையும் சேர்த்துச் சமைக்கவோ உண்ணவோ கூடாது. ஆடு, கோழிக்குப் பின் பால்பொருள் சாப்பிட ஆறு மணி நேரம் இடைவெளி விடுவது செபார்தி வழக்கம். தமிழ்ச் சாப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும்: கோழிக்குழம்பு சாப்பிட்டுத் தயிர்சாதத்தில் முடிக்க முடியாது. சிறுவயதில் தயிர்ச் சட்டியை நோக்கி நீண்ட என் கையை ஆஜி மெல்லப் பிடித்து, தட்டில் ரசத்தை ஊற்றுவார். நெய்யில் தாளித்த கறியும் தயிரில் ஊறவைத்த பிரியாணியும் போய்விடும். அதற்கு ஈடாக இருப்பது தேங்காய்ப்பால். பெனே இஸ்ரயேல் சமையல் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. தேங்காய்ப்பால் பாலும் அல்ல, இறைச்சியும் அல்ல; எதோடும் சேரும். கறிக்குள் வெள்ளையாகத் தெரிவதால் பார்ப்பவர் தப்பாக நினைக்கக்கூடும் என்று, இறைச்சியோடு பாதாம்பால் பரிமாறும்போது பக்கத்தில் பாதாம் பருப்பை வைக்கவேண்டும் என்பது பழைய சட்ட நூல்களின் அறிவுரை. நான் விருந்தினர் வந்தால் மேசையில் இரண்டு தேங்காய்ச் சில்லு வைக்கிறேன்.

இறைச்சி ஷோகெத் என்ற தகுதிபெற்றவர் அறுத்ததாக இருக்கவேண்டும். எந்த நாளில் கிடைக்கும் என்று ஜெபஆலயத்தில் கேட்டு, மொத்தமாக வாங்கி உறையவையுங்கள். இரத்தம் நீக்கப்படாததாக இருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கல்லுப்பு தடவிச் சாய்வான பலகையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, மூன்று முறை கழுவவேண்டும். ஈரலுக்கு உப்பு போதாது, நேரடி நெருப்பில் சுடவேண்டும். இத்தனையும் முதலில் மலைப்பாக இருந்தால் ஆறு மாதம் வீட்டில் சைவமும் மீனும் மட்டும் சமையுங்கள். ஒரே தொகுதிப் பாத்திரம் போதும், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி சைவம் என்பதைத்தான் சொல்லும், கோஷர் என்று சொல்லாது. பாலாடைக்கட்டி, திராட்சை ரசம் இரண்டிலும் விசாரித்து வாங்குங்கள்.

பழைய பாத்திரங்களில் எவர்சில்வரைக் காப்பாற்றலாம். நன்கு தேய்த்து, 24 மணி நேரம் உபயோகிக்காமல் வைத்து, பிறகு கொதிக்கிற தண்ணீரில் முழுமையாக முக்கி எடுக்கவேண்டும். கைப்பிடியின் திருகாணி இடுக்குகளில் அழுக்கு ஒட்டியிருந்தால் செல்லாது, கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். குக்கருக்குப் புது ரப்பர் வளையம் போட்டுவிடுங்கள். எண்ணெய் தடவி நேரடியாகச் சூடாக்கும் தோசைக்கல்லுக்கு வெந்நீர் போதாது. நெருப்பிலேயே பழுக்கக் காய்ச்சவேண்டும். மண்சட்டியை மீட்க முடியாது. ஆஜியின் மீன்சட்டி மீட்க முடியாத வகை என்று தெரிந்த அன்று எனக்கு வருத்தம்தான். இப்போது அதில் துளசி வளர்கிறது.

புதிதாக வாங்கும் உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை உபயோகிக்கும் முன் மிக்வே எனப்படும் சடங்குக் குளத்திலோ இயற்கை நீரிலோ முக்கவேண்டும். கடல் இதற்கு உகந்தது. நானும் மகளும் ஒரு ஞாயிறு காலை இரண்டு பைகளில் பாத்திரங்களோடு கடற்கரைக்குப் போனோம். ஆசியைச் சொல்லி முதல் டம்ளரை முக்கி எடுத்தபோதுதான் அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நீருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது, பசைகூட. பதினெட்டுப் பாத்திரங்களின் சீட்டையும் மணலில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினோம். நீங்கள் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் தடவிச் சீட்டை உரித்து, கழுவி எடுத்துக்கொண்டு போங்கள். முக்கும்போது பிடியைத் தளர்த்துங்கள், விரல் பட்ட இடத்திலும் நீர் புகவேண்டும். அலை வாங்கிக்கொண்டு போகாமல் ஒரு வலைப்பையில் போட்டு முக்குவது நல்லது.

ஆட்கள்

யூத மரபில் தனியாகச் செய்ய முடியாதவை நிறைய. பொதுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். பெனே இஸ்ரயேல் வழக்கில் பத்து ஆண்கள். 1948க்குப் பிறகு பெரும்பாலானோர் இஸ்ரேல் போய்விட்டதால் இன்று இந்தியா முழுவதிலும் யூதர்கள் 5,000 பேருக்கும் குறைவு. ஆகவே ஜெபஆலயத்துக்கு நீங்கள் தேவைப்படுகிறவர், தயங்காமல் போங்கள். தாணேயில் 1879இல் கட்டிய ஷார் ஹஷமாயிம் இருக்கிறது. தென்மும்பையில் சாமுவேல் தெருவில் 1796இல் தொடங்கிய ஷார் ஹரஹமீம், நகரத்திலேயே பழையது. ஊரார் அதை ‘ஜூனி மஸ்ஜித்’ என்று அழைத்ததால்தான் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கு மஸ்ஜித் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அப்பா அந்த நிலையத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அதைச் சொல்லியிருக்கிறார்.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் யூத மையமான நரிமன் இல்லம் குறிவைக்கப்பட்ட பிறகு காவல் கடுமை. முதல் முறை போகும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். தலையை மறைக்க ஆண்களுக்குத் தொப்பி, பெண்களுக்குப் புடவை முந்தானையோ துப்பட்டாவோ போதும். எபிரேயம் தெரியாது என்று கூசவேண்டாம். பக்கம் எது என்று அருகில் இருப்பவரைக் கேளுங்கள். எனக்கு ஒரு முதியவர் ஒவ்வொரு பக்கத்திலும் விரல் வைத்துக் காட்டினார். தொழுகை முடிந்ததும் என் தாத்தா எந்த ஊர் என்று கேட்டு, எங்கள் குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது என்று அவரே சொன்னார்.

ஆண்டின் நாட்கள்

பண்டிகைகளை ஒரே மூச்சில் கற்கவேண்டாம். வருகிறபோது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம். எபிரேயப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்றால் பெனே இஸ்ரயேலரின் பழைய மராத்திப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். ரோஷ் ஹஷானா ‘நவ்யாச்சா சண்’, புத்தாண்டுப் பண்டிகை. யோம் கிப்பூர் ‘தார்ஃபால்னிச்சா சண்’, கதவடைக்கும் பண்டிகை. வெள்ளை உடுத்தி, கதவைச் சாத்தி, நாள் முழுக்க உபவாசம். ஆலயம் இடிந்த துக்க நாள் ‘பிர்ட்யாச்சா சண்’, முளைகட்டிய மொச்சைக் குழம்பின் பெயரால். புத்தாண்டுக்கு ‘சிக்’ அல்வா செய்வார்கள்: கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறுவது. திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுத்த கை உங்களுடையது என்றால் பாதி வேலை தெரிந்ததுதான். நெய் மட்டும் கிடையாது.

மலிதா

வீடு ஓரளவு ஒழுங்குக்கு வந்த பிறகு இதைச் செய்யுங்கள். மலிதா பெனே இஸ்ரயேலருக்கு மட்டுமே உரிய நன்றி வழிபாடு. கல்யாணம், பிரயாணம், நேர்ச்சை, புதுமனை எல்லாவற்றுக்கும் உண்டு. எலியா தீர்க்கதரிசி அலிபாக் அருகே கண்டாலா கிராமத்தில் தோன்றி, அவர் தேரின் தடம் பாறையில் பதிந்தது என்பது நம்பிக்கை. அவருக்கான பாடலோடுதான் இது தொடங்கும்.

ஒரு கிலோ அவலைக் கழுவி உடனே வடித்து, பத்து நிமிடம் விடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்கவேண்டும், குழையக்கூடாது. துருவிய தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி, திராட்சை சேர்த்துக் கையால் பிசறுங்கள், கரண்டி உடைத்துவிடும். பெரிய தாம்பாளத்தில் குவித்து, சுற்றிலும் ஐந்து வகைப் பழம், மேலே ரோஜா இதழ். மரத்தில் காய்ப்பதற்கு ஓர் ஆசி, மண்ணில் விளைவதற்கு வேறு ஆசி, மணத்துக்கு இன்னொன்று. வாழைப்பழம் மரப்பழம் அல்ல என்பதை மறவாதீர்கள். ஒவ்வொரு முறை குலைதள்ளியதும் தண்டு மடிவதால் அது மண்ணின் விளைச்சல் கணக்கில் வரும். வாழையடி வாழையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சொந்த வீடானால் புதியதை அடைந்ததற்கான ‘ஷெஹெஹியானு’ ஆசியையும், இல்லப் பிரதிஷ்டைப் பாடலான 30ஆம் சங்கீதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலை ஏழு மணிக்கு அழைத்தால் எட்டு மணிக்குத் தொடங்கும். ஜெபஆலயத்தில் பழகிய பத்துப் பேரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். பாடத் தெரிந்த ஒருவர் இருந்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பச்சைத் தேங்காய் சேர்ந்த அவல் மறுநாள் காலை புளித்துவிடும். ஆகவே விருந்தினர் கிளம்பியதும் மிச்சத்தைச் சின்னக் கிண்ணங்களில் போட்டு, அன்றிரவே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, வாசலில் இருக்கும் பித்தளைக் குழாய் என்ன என்று மகளிடம் கேட்டார். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.